இரண்டாம் நாள்

விடியுமுன் கம்பத்திலிருந்து மலையேறும் ஜீப்பில்
எண்ணிப் பார்த்தால் பதினாறு பெண்கள் இருப்பார்கள்.
எண்ணியிருக்கிறேன். அதுதான் என் முதல் ஆய்வு.
குமுளிக்கு அந்தப்பக்கம் ஏலத்தோட்டம்,
இந்தப்பக்கம் கூடலூரில் என் ஓ.பி. சீட்டு.

சிக்குன்குனியா வந்துபோன வருஷம்
மூட்டுவலி மெல்ல எல்லோரையும் விட்டது.
சிலரிடம் வேறொன்று தங்கிவிட்டது.
ரத்தம் சரி. தைராய்டு சரி. எக்ஸ்ரே சரி.
"மேலுக்கு முடியல" என்றாள் ஒச்சம்மாள்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
உடல்வலி என்று எழுதினேன்.
"வலி இல்ல சார். முடியல."
அடித்துவிட்டுச் சோர்வு என்று எழுதினேன்.
மேஜைமேல் தலையைச் சாய்த்திருந்தாள்.
வண்டிப்பெரியாற்று ஏலியாம்மா "ஷீணமாணு டாக்டரே" என்றாள்.
அதையும் சோர்வு என்றே எழுதினேன்.
பத்தொன்பது வருஷம்
அந்தச் சொல்லை வைத்துத்தான் பிழைத்தேன்.

கூடப் படித்தவர்களுக்கு நான் அசதி டாக்டர்.
கல்யாணப் பந்தியில் ஒருவன் கேட்டான்:
"எனக்கும்தாண்டா அசதியா இருக்கு, மாத்திரை வச்சிருக்கியா?"
ரசம் ஊற்றுகிறவரும் சிரித்தார்.
நிதிக் குழுவின் பதில் கண்ணியமாக இருந்தது:
தோட்ட வேலை செய்யும் பெண்கள்
களைப்பாக இருப்பது எதிர்பார்க்கத்தக்கதே.
கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது.
வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை.

பிறகு கைப்பிடி அளக்கும் கருவி வந்தது.
பாதி, மனைவி எடுத்த சீட்டுப் பணம்.
சைக்கிள் மிதிக்கச் சொல்ல வேண்டும்,
இறுக்கிப் பிடிக்கச் சொல்ல வேண்டும்,
மறுநாள் அதே நேரம் அதையே.
நல்ல உடம்பு இரண்டு நாளும் ஒரே எண்ணைக் காட்டும்.
சோம்பேறி உடம்பும் அப்படித்தான்.
இது மட்டும் இரண்டாம் நாள் மாட்டிக்கொள்ளும்.

ஒச்சம்மாள் முதல் நாள் இருபத்திரண்டு கிலோ.
மறுநாள் பதிமூன்று.
மூன்று முறை பார்த்தேன். பதிமூன்று.
கத்த வேண்டும்போல இருந்தது.
வராந்தாவுக்கு வந்து நின்றேன்.
தூரத்து மலையில் லோயர் கேம்ப் குழாய்கள்
தண்ணீரை இறக்கிக்கொண்டிருந்தன.
இருபத்திரண்டில் பதிமூன்று போனால் ஒன்பது.
அந்த ஒன்பதோடு போய் டீ குடித்தேன்,
வடையும் தின்றேன்.

நாலாம் நாள் அவள் மகன் சுருளிவேல் வந்தான்.
"அம்மா எந்திரிக்கல சார்.
வெளக்கப் போட்டா மூஞ்சிய மூடிக்குது.
கஞ்சி முழுங்கவே எளைக்குது."
இருபத்தாறு நாள் எழவில்லை.
என் அட்டவணையில் நாற்பத்தொரு பெண்கள்.
மற்ற நாற்பது பேருடைய மூன்றாம் நாளை
நான் கேட்கவில்லை.
இரண்டு பத்திகள்தான் கோடு போட்டிருந்தேன்.

கட்டுரை வெளிவந்தது. திருவனந்தபுரத்தில்
திரை முழுக்க ஒன்பதைக் காட்டினேன். கை தட்டினார்கள்.
ஊனச் சான்றிதழ் தரும் அலுவலர்
அதைப் பொறுமையாகப் புரட்டினார்.
"கை இருக்கு, கால் இருக்கு. எதுல சதவீதம் போட?"
பிறகு, உதவுகிற குரலில்:
"இன்னொரு தடவ டெஸ்ட் பண்ணிக் காமிங்க,
எங்க முன்னாடி. ரெண்டு நாள்தான?"

ஜன்னலில் சாக்கு கட்டிய அறையில்
சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சொன்னேன்.
"மாசம் எவ்வளவு சார் வரும்?"
அதையும் சொன்னேன்.
விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள்,
பாதியில் கை ஓய்ந்தது.
"அதுக்கு எத்தன நாள் படுக்கணும்?"

கருவி பீரோவில் இருக்கிறது, பேட்டரி கழற்றி.
ஓய்வுபெற்று இரண்டு வருஷம்.
இன்னமும் போகிறேன்.
ஏழு நிமிஷம், சில நாள் எட்டு,
குரல் மெலியும்போது எழுந்துவிடுவேன்.
எழுதி வைப்பதில்லை.

திரும்புகையில் மலையிலிருந்து ஜீப்புகள் இறங்குகின்றன.
பழக்க தோஷம், எண்ணுகிறேன்.
பதினைந்து.
இருட்டில் தவறவிட்டிருக்கலாம்.
ஒருத்தி மற்றவள் மடியில்
சரிந்து கிடந்திருக்கலாம்.